முத்துமாரி வாங்கிய பத்து டிக்கெட்

முத்துமாரி எந்தச் சமையலையும் இடத்தை நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால் குழாய் எங்கே இருக்கிறது, தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், சிலிண்டரை மாடிக்குத் தூக்க ஆள் உண்டா என்றுதான் கேட்பாள். "அரிசி பருப்பு வெலைய எல்லாவனும் சொல்லிருவான். சொல்லாத வெலைதான் நம்ம கழுத்த அறுக்கும்" என்பாள்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவளுடைய மெஸ் இருக்கிறது. தோல் பட்டறை, பை தைக்கும் பட்டறை ஆட்கள் நாற்பது பேருக்கு மதியமும் ராத்திரியும் அவள் கையால்தான் சாப்பாடு. நாற்பது பேருக்கு உலை வைத்தால் நாற்பத்து நான்கு பேருக்கு அரிசி போடுவாள். ஊரிலிருந்து எவனாவது பெட்டியும் கையுமாக வந்து இறங்கியிருப்பான், இன்னொருவன் அறையில் கூடத் தங்குபவனை அழைத்து வருவான். இந்தப் பதினான்கு வருடத்தில் சோறு தீர்ந்துவிட்டது என்று அவள் யாரையும் திருப்பி அனுப்பியது கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை குழாயைப் பார்க்காமல் இறங்கினாள். போன வருடம் மே மாதம், கோப்போலி பக்கத்தில் ரங்தரங் வாட்டர் பார்க் வாசலில் அது நடந்தது.

அந்தப் பயணத்துக்கு அழைத்தவர் ராஜபாண்டி. முத்துமாரியின் வீட்டுக்காரன் மாரிக்கண்ணனுடைய அக்கா ஆறுமுகத்தாயைக் கட்டியவர், காட்கோபரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். "பிள்ளையளுக்கு லீவுதானே மாப்ள, எல்லாரும் ஒண்ணா ஒரு நாள் போயிட்டு வருவோம்" என்றார். சயான் பாலத்தடியில் அந்தப் பார்க்கின் பெரிய பேனர் தொங்கிக்கொண்டிருந்தது, அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று எருமைத் தலை அளவு எழுத்தில். மாரிக்கண்ணன் பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர். துணியில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் பேனரின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஓடிய எழுத்தை அவனும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நான்கு பேருக்கு மூவாயிரத்துக்குள், மேல் செலவுக்கு நாலாயிரம், ஆக ஏழாயிரம் தாராளம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அறுபது இட்லி, மிளகாய்ப் பொடி, ஒரு அடுக்கு புளிச்சோறு எல்லாம் கூடவே போயின.

கவுண்டரில்தான் விஷயம் தெரிந்தது. பேனரில் போட்ட விலை சாதாரண நாளுக்கு, அதுவும் மாணவர்களுக்கு. அன்று ஞாயிற்றுக்கிழமை. வரியோடு சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு. மூன்றரை அடிக்கு மேல் இருந்தால் குழந்தையும் பெரிய ஆள்தான்.

இதுகூடப் பரவாயில்லை. சமாளித்திருக்கலாம். அப்போதுதான் எந்தப் பேனரிலும் போடாத செலவு ஒன்று வந்து நின்றது. ஆறுமுகத்தாயின் பிள்ளைகள் இரண்டும் மாரிக்கண்ணனின் கையைப் பிடித்து, "மாமா, மாமா" என்று குதித்தன. தாய்மாமன் கூட நிற்கும்போது அக்கா பிள்ளைக்கு அக்கா வீட்டுக்காரர் டிக்கெட் எடுப்பதா? எடுத்தால் மாமனுக்கு அதைவிடக் கேவலம் ஏது? ராஜபாண்டி பர்ஸை எடுக்கத்தான் செய்தார், மெதுவாக எடுத்தார். அதற்குள் மாரிக்கண்ணனின் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. "மாமன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன், நீங்க எதுக்கு அத்தான் எடுக்கிய?" என்று இரண்டு பிள்ளைகளுக்கும் முதலில் நீட்டினான்.

மிச்சமிருந்தது நாலாயிரத்து நானூறு. சொந்த வீட்டு ஆள் நான்கு பேர். பருத்தித் துணி போட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் உடை வாடகைக்கு எடுக்க வேண்டும், பெட்டி வைக்க லாக்கர் எடுக்க வேண்டும் என்று அடுத்தடுத்த விலைகள் வந்துகொண்டே இருந்தன. இட்லித் தூக்கை உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி மறித்தான். மாரிக்கண்ணன் விரல் விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான். அவன் நெற்றியில் வேர்வை பூத்தது.

அப்போது பதினொரு வயது மாரிசெல்வி, ஒரு மாதமாக அந்தப் பார்க்கின் பெரிய சறுக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள், அப்பாவின் சட்டையை இழுத்து, "எனக்குத் தண்ணின்னா பயம்பா. நான் அம்மாகூட வெளிய இருக்கேன். நீங்க தம்பியக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஆறு மணி நேரம் தாயும் மகளும் வாசல் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்து கூச்சல் கேட்கும்போதெல்லாம் மாரிசெல்வி தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தாள். அறுபது இட்லியில் பாதியை ஸ்டேஷனுக்கு ஓட்டும் ஜீப் டிரைவர்கள் தின்றார்கள். சாயங்காலம் ஈரத் தலையோடு வெளியே வந்த ராஜபாண்டி, "என்ன முத்துமாரி, இட்லி யாவாரம் ஆயிருச்சா?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. நாக்குக்கு மட்டும் எலும்பு கிடையாது. முத்துமாரி தூக்கை மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அதோடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். போகவில்லை. அன்றிலிருந்து மாரிசெல்வியின் வாயில் 'வேணும்' என்ற சொல்லே வரவில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் "இருக்கட்டும்மா" என்றாள். கணபதி விழாவில் தம்பி பலூனுக்கு அழுதபோது இவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். தீபாவளி முடிந்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டு சுண்டுவிரலும் தோலுரிந்து சிவந்திருந்தன. மூன்று மாதமாக அந்த ஷூ அவளுக்குச் சின்னது.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"இருக்கட்டும்மா. அடுத்த வருசம் எப்டியும் மாத்தணும்ல."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டுச் செலவைத் தன் கால் விரலில் மிச்சம் பிடிக்கிறது. முத்துமாரி அழுதாள். மெஸ்ஸுக்கு வெங்காயம் உரிக்கிற நேரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். வரும் மே மாதம் இந்தப் பிள்ளை அந்தச் சறுக்கில் இறங்கும். மறுபடி வாயைத் திறந்து எனக்கு இது வேணும் என்று கேட்கும். கேட்க வைக்காவிட்டால் தான் நாற்பது பேருக்குச் சோறு போட்டு என்ன பிரயோசனம்?

அன்றிலிருந்து வாரா வாரம் சனிக்கிழமை மெஸ் பணம் வந்ததும் ஐந்நூறு ரூபாய் காலிப் பெருங்காய டப்பாவுக்குள் போனது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஸ்ஸுக்கு வாரத்தில் ஒரே ஓய்வு நாள், செம்பூரில் ஒரு காதுகுத்துச் சமையல் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு முத்துமாரி தனியாகக் கோப்போலி வண்டி ஏறினாள். ரங்தரங் பார்க்குக்குப் போய் டிக்கெட் எடுக்கவில்லை. வெளியே வருகிற வாசலில் போய் நின்றுகொண்டாள். கையில் நாற்பது பக்க நோட்டு. ஆண்களை விட்டுவிட்டாள், அவர்களுக்குச் செலவு செய்யத் தெரியும், எதில் போனது என்று சொல்லத் தெரியாது. பிள்ளையை இழுத்துக்கொண்டு, ஈரத் துணிப் பையோடு, முகம் சுருங்கி வருகிற பெண்களாகப் பார்த்து மடக்கினாள்.

"தீதி, அந்தர் கித்னா கயா?" உள்ளே எவ்வளவு போச்சு அக்கா, அவ்வளவுதான் கேள்வி.

அடைத்த மடையைத் திறந்துவிட்டாற்போல் கொட்டினார்கள். அந்தப் பெண்களை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை போலிருக்கிறது. லாக்கருக்கு முன்பணம் உண்டு, சீட்டைத் தொலைத்தால் திரும்பி வராது என்றாள் ஒருத்தி. வாடகை உடை முழங்காலுக்கு மேலே நிற்கும், அதுவும் முன்னால் போட்டவளின் ஈரத்தோடு இருக்கும், அதனாலேயே நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. தண்ணீர் பாட்டில் அறுபது, சாப்பாடு முந்நூறு. சறுக்கின் அடியில் கேட்காமலே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு முந்நூறு கேட்பார்கள், பிள்ளை பார்த்துவிட்டால் நகராது. ஆறு மணிக்கு மேல் ஸ்டேஷன் ஜீப்புக்கு இரட்டை விலை. ஒரு மராத்திக் கிழவி மட்டும், "காசு போகட்டும், என் மருமகள் இன்றைக்குத்தான் சிரித்தாள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முத்துமாரி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாகக் கவுண்டரில் தலையை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை வந்தால் ஆளுக்கு ஆயிரத்து ஐம்பது. பத்துப் பேராக ஒரே கூட்டமாக வந்தால் ஆளுக்கு எண்ணூற்று ஐம்பது, அதிலேயே மதியச் சாப்பாடும் ஸ்டேஷன் போக வர பஸ்ஸும் அடக்கம். "ஒன்பது பேர் வந்தா?" என்று கேட்டாள். கவுண்டர்க்காரன் தலையைக்கூட ஆட்டவில்லை, பத்து விரலை விரித்துக் காட்டினான்.

வாசலுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்த அம்மாளிடம் ஒரு டீ குடித்து, சாப்பாட்டுத் தூக்கைப் பத்திரமாக வைத்திருக்கச் சம்மதமும் வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பினாள். நோட்டைச் செலவுப் பட்டியலாக மாற்றி மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்தாள். ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகள் இரண்டும் இந்தி பேசும், ஆங்கிலம் படிக்கும், தமிழில் எழுதினால் கோலம் மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடும்.

மாரிக்கண்ணன் படித்தான். மெஸ்ஸை ஒரு நாள் மூடினால் ஆகும் நட்டம், அவனுடைய ஒரு நாள் கூலி, எல்லாம் வரிசையாக இருந்தன. 'போட்டோ, கூடாது' என்று கோடு போட்டு எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி. 'மாமன் செலவு'. 'நாலு பேர் அரிசி', எதிர்பாராமல் வரும் செலவுக்கு.

"மாமன் செலவா?"

"ஆமா. அதுதான் போன வருசம் நம்மள வாசல்ல ஒக்கார வச்சது. இந்தத் தடவ மைனி வீட்டு நாலு பேரையும் நாமளே கூட்டிட்டுப் போறோம். நம்ம செலவு."

மாரிக்கண்ணன் நோட்டை மூடி வைத்தான். ஒரு வருடமாக அவன் உள்ளுக்குள் குன்றிப்போயிருந்தது அவளுக்குத் தெரியும். "நாம நாலு பேரு மட்டும் போயிட்டு வந்தா என்ன புள்ள? காசும் மிஞ்சும், பேச்சும் வராது."

"ஒளிஞ்சு போறதுக்கு அது என்ன சாராயக் கடையா? அவுக முன்னாலதான் எம்பிள்ள பெஞ்சில ஒக்காந்தா. அவுக முன்னாலதான் உள்ள போகணும்."

மறுநாள் மாரிக்கண்ணன் பட்டறையிலிருந்து வரும்போது நைலான் துணி எங்கே மலிவு என்று விசாரித்துக்கொண்டு வந்தான்.

துணி தாராவியிலேயே கிடைத்தது. வெளிநாட்டுக்கு விளையாட்டு உடை தைத்து அனுப்பும் பட்டறையில் துண்டு துண்டாக மிஞ்சும் நைலான், கிலோ கணக்கில். மாரிக்கண்ணன் தானே வெட்டிக் கொடுத்தான். தையல்காரன் கணேசபாண்டியன் எட்டு உடுப்பு தைத்தான். பெண்களுக்கு முழுக்கை, முழங்காலுக்குக் கீழ் இறங்கும் மேல்சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை. ஒரு கை நீலம், ஒரு கை கிளிப்பச்சை, கிடைத்த துணிக்குத் தகுந்த நிறம். "அக்கா, இதப் போட்டுட்டுப் போனா சர்க்கஸ் கம்பெனின்னு நெனச்சு டிக்கெட் ஃபிரீயா விட்டுருவான்" என்றான். வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளைக்கு ஆகும் பணத்தில் சொந்தமாகவே ஆகிவிட்டது.

ஞாயிறா செவ்வாயா என்பதில் ஒரு வாரம் ஓடியது. ஞாயிறு என்றால் மெஸ்ஸை மூட வேண்டாம், ஆனால் டிக்கெட் கூடுதல். செவ்வாய் என்றால் நாற்பது வயிறு காத்துக் கிடக்கும். எதிர்ச் சந்தில் பிரியாணி போடும் அஸ்ரினிடம் போய் நின்றாள்.

"மதியம், ராத்திரி ரெண்டும் நான் பாத்துக்கறேன்கா. ரம்ஜானுக்கு நீங்க எனக்குச் செஞ்சீங்கல்ல? ஆனா சாம்பார் மட்டும் கேக்கக் கூடாது."

"ஒரு நாளு பிரியாணி தின்னா ஒருத்தனும் சாக மாட்டான். சந்தோசமாத் திம்பானுவ" என்றாள் முத்துமாரி. செவ்வாய் என்று முடிவானது.

இனி மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். எட்டுப் பேர் இருக்கிறார்கள், பத்தாக வேண்டும். இரண்டு பேர் கிடைத்தால் சாப்பாட்டுக் காசும் ஜீப் காசும் அப்படியே மிச்சம். சந்து முழுக்கக் கேட்டாள். வருகிறோம் என்றவர்கள் எவ்வளவு என்று கேட்டதும் நழுவினார்கள். கீழ் அறையில் இருந்த புதுக் கல்யாண ஜோடி ஒன்று உறுதியாகச் சொன்னது, சனிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு வாந்தி, நல்ல வாந்திதான். முத்துமாரி மனசார வாழ்த்திவிட்டு வந்து பட்டியலில் பத்தை அடித்து எட்டு என்று எழுதினாள். கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் எட்டுப் பேருக்கான பணம் டப்பாவில் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் பிள்ளைகளிடம் சொன்னாள். மகன் பூதத்தான், எட்டு வயது, குலசாமி பெயர், பள்ளிக்கூடத்தில் சுருக்கிக் கூப்பிடுவது பூட், கூரை இடிகிற மாதிரி கத்தினான். மாரிசெல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அவ்ளோ காசாகுமேம்மா. தம்பி மட்டும் போட்டும். நான் இருக்கேன்."

"நீயும் வார. எல்லாம் எடுத்து வச்சாச்சு" என்று முத்துமாரி சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

செவ்வாய் விடியும்போதே குர்லாவில் வண்டி ஏறினார்கள். ஆறுமுகத்தாய் குடும்பம் காட்கோபரில் அதே வண்டியில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டதாக போன் வந்தது. "முத்துமாரி, ஒரு சின்ன விசயம்... சரி, எறங்குனப்புறம் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய் வைத்துவிட்டாள். முத்துமாரிக்கு லேசாகப் பொறி தட்டியது.

கோப்போலியில் இறங்கியதும் அந்தச் சின்ன விஷயம் பிளாட்பாரத்தில் நின்றது. ஆறுமுகத்தாயின் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பின்னால் இன்னும் இரண்டு. ராஜபாண்டியின் தம்பி பிள்ளைகள், உல்லாஸ்நகரில் இருந்து லீவுக்கு வந்தவர்கள். பெரியவன் இசக்கிதுரைக்குப் பன்னிரண்டு இருக்கும், சின்னவளுக்குப் பத்து. இரண்டு பேருமே மூன்றரை அடியை எப்போதோ தாண்டியவர்கள்.

"நேத்து சாயந்திரம் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாக. வந்த பிள்ளையள வீட்டுல பூட்டிட்டா வர முடியும்? அவரு, அவுக செலவ நான் பாத்துக்கிடுதேங்காரு" என்றாள் ஆறுமுகத்தாய். சொல்லும்போது தம்பி பெண்டாட்டியின் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தச் சின்னவள் சமர்த்தாக முன்னால் வந்து மாரிக்கண்ணனைப் பார்த்து, "வணக்கம் மாமா" என்றாள்.

போச்சு. பெரியம்மாவோடு பிறந்தவன், அப்படிப் பார்த்தால் இவர்களுக்கும் அவன் மாமன்தான். மாரிக்கண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்கு ஏறியது, பாதி வழியில் நின்றது. போன வருடம் கவுண்டரில் பூத்த அதே வேர்வை நெற்றியில் பூத்தது. மாரிசெல்வி அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அந்த வாய் திறக்கப் போகிறது, எனக்குத் தண்ணின்னா பயம் என்று சொல்லப் போகிறது என்று முத்துமாரிக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் முத்துமாரி தலைகளை எண்ணினாள். ஒரு தடவை. சந்தேகம் தீர விரலை நீட்டி இன்னொரு தடவை. பிறகு பிளாட்பாரம் என்றும் பாராமல் சிரித்தாள். அந்தச் சின்னவளை வாரி இழுத்து நெற்றியோடு நெற்றி முட்டினாள்.

"எந்தாயி, ஒங்க ரெண்டு பேரையும்தான் ஒரு மாசமாத் தாராவி பூராம் தேடிக்கிட்டு இருந்தேன்! மைனி, நீங்க மனுசியே இல்ல, தெய்வம்."

ஆறுமுகத்தாயின் முகம் கறுத்தது. "குத்திக் காட்டாத முத்துமாரி. அதான் செலவ நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னோம்லா."

"ஒருத்தரும் ஒண்ணும் பாக்க வேண்டாம். வாங்க, அந்தா பஸ் நிக்குது. பத்துப் பேருக்கு அது ஃபிரீ."

இன்னும் யாருக்கும் விளங்கவில்லை. கவுண்டர் வந்து சேர்ந்ததும் அவள் பெருங்காய டப்பாவைத் திறந்து மாரிக்கண்ணனின் கையில் நோட்டுக் கட்டைக் கொடுத்தாள். "நீங்களே எடுங்க. பத்துன்னு கேளுங்க" என்றாள். மாரிக்கண்ணன் முன்னால் போய் நின்றான். ராஜபாண்டி பின்னால் இருந்து பர்ஸை நீட்டிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை வேகமாகத்தான் நீட்டினார்.

"உள்ள வைங்க அத்தான். மாமன் நான் நிக்கேம்லா?" என்றான் மாரிக்கண்ணன். போன வருடம் சொன்ன அதே பேச்சுதான். அன்று வீறாப்புக்குச் சொன்னான், இன்று கையில் வைத்துக்கொண்டு சொன்னான். குரலிலேயே வித்தியாசம் தெரிந்தது.

பத்து டிக்கெட் எட்டாயிரத்து ஐந்நூறு. எட்டுப் பேருக்கென்று அவள் ஒதுக்கியதைவிட நூறு ரூபாய்தான் கூடுதல். அதற்குள் பத்துப் பேருக்கும் சாப்பாடு அடங்கிவிட்டது. எடுத்து வைத்திருந்த சாப்பாட்டுப் பணமும் ஜீப் பணமும் டப்பாவிலேயே கிடந்தன. கவுண்டர்க்காரன் நோட்டை எண்ணும்போது மூக்கைச் சுளித்து முகர்ந்து பார்த்தான். "க்யா ஹை யே?" என்ன இது என்றான். "ஹிங்கு பையா, அசலி ஹிங்கு" என்று முத்துமாரி அசல் பெருங்காயம் என்பதைப் பெருமையாகச் சொன்னாள்.

ராஜபாண்டி டிக்கெட்டையும் மாரிக்கண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்காரர் அல்லவா, மனசுக்குள் கணக்கு ஓடி முடிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "மாப்ள, ஒம் பெண்டாட்டிய நாலு நாளு எங் கடைக்கு அனுப்பு. நான் ரெண்டு கடை போட்டுருவேன்."

"அவ மெஸ்ஸுக்கு லீவு போட்டா நாப்பது பேரு ஒங்க கடைய ஒடச்சிருவானுவ அத்தான்" என்றான் மாரிக்கண்ணன். நெஞ்சு நிமிர்ந்து நடந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க முத்துமாரிக்குத் தெம்பாக இருந்தது.

உடை மாற்றும் இடத்தில் இன்னொரு வேடிக்கை. ஆறுமுகத்தாய் போன வருடம் வாடகை உடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சேலையோடு கரையில் உட்கார்ந்தவள். இப்போது நீலமும் கிளிப்பச்சையுமாக முழுக்கை உடுப்பில் கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் திரும்பினாள். "நல்லாத்தான்டி இருக்கு" என்றாள் கூச்சத்தோடு. குட்டை உடையை வாடகைக்கு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்ற நான்கைந்து பெண்கள் சுற்றி வந்தார்கள். இது எந்தக் கடை, எவ்வளவு என்று கேட்டார்கள். "கடை இல்ல, தாராவி. போன் நம்பர் தாரேன்" என்றாள் முத்துமாரி இந்தியில். அன்று மட்டும் கணேசபாண்டியனுக்கு ஒன்பது உருப்படி ஆர்டர் சேர்ந்தது. விருந்தாளிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாடகை உடை நாலு பேர் அரிசியில் இருந்து போனது.

பெரிய சறுக்குக்கு ஏழு மாடிப் படி. இரண்டு பேர் உட்காரும் ரப்பர் மிதவையைத் தூக்கிக்கொண்டு மாரிசெல்வி முன்னால் ஏற, முத்துமாரி பின்னால் ஏறினாள். உண்மையில் பயந்தவள் முத்துமாரிதான். நெல்லையில் இருந்தபோதுகூட ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள். மேலே போய் நின்று கீழே பார்த்ததும் படிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பயமா இருந்தா நீ இறங்கிப் போயிரு. நான் தனியாப் போறேன்" என்றாள் மாரிசெல்வி.

"ஒனக்குத்தான தண்ணின்னா பயம்?"

மாரிசெல்வி மிதவையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு எப்பவும் பயம் கிடையாதும்மா. அன்னைக்கு அப்பா ரெண்டு தடவ எண்ணுனாங்க. அதான் சொன்னேன்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் முத்துமாரி. "ஒக்காரு. நானும் வாரேன்."

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் முத்துமாரிக்கு ஞாபகம் இல்லை. சறுக்கின் மேலே நின்ற காவலாளி காலால் ஒரு தள்ளு தள்ளினான். வானம் தெரிந்தது, இருட்டு வந்தது, மறுபடி வானம் வந்தது. பிரம்மசக்தி அம்மனில் தொடங்கி தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டே போனாள். முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த கூச்சலை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். போன மே மாதம் மதிலுக்கு வெளியே இருந்து கேட்ட அதே கூச்சல், இன்று அவர்கள் தொண்டையிலிருந்து வந்தது. தண்ணீரில் வந்து விழுந்தபோது முத்துமாரி மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டுச் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள்.

ஏழு தடவை ஏறி இறங்கினார்கள். மதியம் பத்துப் பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பருப்பில் உப்பு இல்லை என்று முத்துமாரி குறை சொன்னாள், அது தொழில் புத்தி. டீக்கடை அம்மாளிடம் கொடுத்து வைத்திருந்த புளிச்சோற்றுத் தூக்கு சாயங்காலத்துக்குக் காத்திருந்தது.

ஐந்து மணிக்கு, ஜீப்புக்கு அடித்துப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், நிதானமாக வெளியே நடந்தார்கள். லாக்கரின் பிளாஸ்டிக் சீட்டை அவள் தாலிக் கயிற்றிலேயே முடிந்து வைத்திருந்தாள். முன்பணம் பைசா குறையாமல் திரும்பி வந்தது.

வாசலுக்கு முன்னால் போட்டோக் கடை. பெரிய டிவித் திரையில் அன்று சறுக்கியவர்கள் முகங்கள் ஒவ்வொன்றாக ஓடின. பூதத்தான் தன் படத்தைப் பார்த்து, "அய்யே, பல்லு" என்று ஓடிவிட்டான். அடுத்து அவர்கள் இருவரும் வந்தார்கள். முன்னால் மாரிசெல்வி, இரண்டு கையையும் மேலே தூக்கி, முகமெல்லாம் வாயாக. பின்னால் முத்துமாரி, கண்ணை இறுக மூடி, மகளின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

ஆறுமுகத்தாய் சிரித்துக்கொண்டே கடந்து போனாள். மற்றவர்களும் போய்விட்டார்கள். மாரிசெல்வி மட்டும் நகரவில்லை. முத்துமாரிக்கு நோட்டில் கோடு போட்டு எழுதியது ஞாபகம் வந்தது. பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தாள். எப்படியும் அவள் இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

மாரிசெல்வி திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே, "அம்மா, எனக்கு அந்தப் போட்டோ வேணும்" என்றாள்.

முத்துமாரி அப்படியே நின்றாள். காதில் இன்னும் தண்ணீர் அடைத்திருந்தது. ஆனாலும் அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது. கண் நிறைந்துவிட்டது, இங்கே உரிக்க வெங்காயமும் இல்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுக் கடைக்காரனிடம் போனாள். டப்பாவில் நாலு பேர் அரிசி இன்னும் மிச்சமிருந்தது. சின்னது முந்நூறு, பெரியது ஐந்நூறு என்றான் அவன்.

"சின்னது ஒண்ணு போடச் சொல்லட்டா?" என்று மகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

மாரிசெல்வி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. பெரிசு வேணும்."

முத்துமாரி பெருங்காய டப்பாவைத் திறந்து ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தாள்.